அம்மாவுக்குப் பேச்சு தடுமாறுகிறது: கவுண்டரில் அவருக்காக யார் சொல்வது?

கேள்வி: எண்ணூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது. பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை வராது, பேச்சும் தடுமாறுகிறது. ஆனால் எல்லாம் புரிகிறது. எனக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. வங்கி, ஆஸ்பத்திரி, ரேஷன் கடை என்று போகிற இடமெல்லாம் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது. நான் இல்லாவிட்டால், "யாரையாவது கூட்டிட்டு வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: ஓரிடத்தில் பதிந்தால் எல்லா அலுவலகத்துக்கும் தெரிந்துவிடும் ஏற்பாடு இங்கே இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டைகூட குறைபாட்டின் வகையையும் சதவீதத்தையும்தான் சொல்லும். கவுண்டரில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாது. அதைச் சொல்லும் தாளை வீட்டிலேயே தயாரிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட் என்று ஃபைலையே நீட்டுவார்கள். பின்னால் இருபது பேர் நிற்கும்போது காசாளர் அதைப் படிக்கமாட்டார். நோயை எழுதாதீர்கள், அவர் செய்ய வேண்டியதை எழுதுங்கள்.

உதாரணத்துக்கு இப்படி: "எனக்குக் காது நன்றாகக் கேட்கும், சத்தமாகப் பேச வேண்டாம். நீங்கள் சொல்வது புரியும், பதில் சொல்ல நேரமாகும். ஒரு சமயத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். தொகையை எழுதிக் காட்டினால் தொட்டுக் காட்டுவேன். வலது கை வராது, இடது கையால் கையெழுத்துப் போடுவேன்." கீழே உங்கள் எண்ணும், அதே தெருவில் இருக்கும் இன்னொருவர் எண்ணும். மேலே தமிழ், கீழே ஆங்கிலம். வங்கிக் கிளைகளில் வெளிமாநில ஊழியர்கள் நிறையப் பேர். தபால் அட்டை அளவு போதும், எழுத்து பெரிதாக இருக்கட்டும், தேதி போடுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், நிலைமை மாறினால் திருத்த வேண்டியிருக்கும். முழு ஆதார் எண், ஏடிஎம் பின் எதுவும் அதில் வரக்கூடாது.

எழுதும் முன் ஒவ்வொரு வரியையும் அம்மாவிடம் படித்துக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். அவர் வேண்டாம் என்பதை அடித்துவிடுங்கள். பக்கவாதத்துக்குப் பின் பேச்சு பாதித்தவர்களில் சிலருக்கு 'ஆமாம்', 'இல்லை' இரண்டும் வாயில் மாறி வரும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம்: "காபி வேண்டுமா?" என்று கேளுங்கள், கொஞ்சம் கழித்து "காபி வேண்டாம்தானே?" என்று திருப்பிக் கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால், "வாயால் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம், எழுதிக் காட்டி உறுதி செய்யுங்கள்" என்று ஒரு வரி சேருங்கள். பணம் எடுக்கும் இடத்தில் இந்த வரி இல்லாவிட்டால் தொகை மாறிப்போகும்.

வங்கிக்கு இந்தக் குறிப்பு அட்டை மட்டும் போதாது. மேலாளரிடம் வாயால் சொன்னது அவர் மாற்றலானதும் போய்விடும். கடிதமாக எழுதி இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். இடது கைக் கையெழுத்தைப் புதிய மாதிரியாகப் பதிவு செய்யக் கேளுங்கள். பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகாததால்தான் செக்கும் ஸ்லிப்பும் திரும்புகின்றன. கையெழுத்தே முடியாத நாளில் பெருவிரல் ரேகை போதும் என்பது ரிசர்வ் வங்கி விதி. இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரியாக இருக்க வேண்டும். 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து பணம் தருவது உள்ளிட்ட சேவைகளைத் தரும்படி 2017 நவம்பரிலேயே வங்கிகளுக்கு உத்தரவாகியிருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

"உங்கள் பெயரையும் கணக்கில் சேர்த்துவிடுங்களேன்" என்று வங்கியில் யோசனை சொல்லக்கூடும். அவசரப்படாதீர்கள். அம்மாவுக்குப் புரிகிறது, முடிவெடுக்க முடிகிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, தன் பண விவகாரத்தைத் தானே நடத்தும் உரிமையை அவருக்குத் தருகிறது. உதவுகிறவருக்கே அந்த விவகாரத்தில் ஆதாயம் இருந்தால் அவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. மகனுக்கும் இது பொருந்தும். யுடிஐடிக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால், கை குறைபாட்டோடு பேச்சுக் குறைபாட்டையும் குறிப்பிடுங்கள். 'அஃபேசியா' (மூளை பாதிப்பால் வரும் பேச்சுக் குறைபாடு) அதே சட்டத்தின் அட்டவணையிலேயே பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கையை மட்டும் எழுதிவிட்டால் பேச்சுக்குச் சான்று இருக்காது.

ஆஸ்பத்திரிக்குத் தனித் தாள். இங்கே நோய் விவரம் கட்டாயம் வேண்டும். பக்கவாதம் வந்த மாதம், வருடம், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையின் பெயரும் அளவும், ஒவ்வாத மருந்து. எல்லாவற்றையும்விட முக்கியம், அம்மாவின் வழக்கமான நிலை: "வலது கை தூக்க வராது, கைத்தடியோடு நடப்பார், தன் பெயரைச் சொல்வார், வாய் கோணாது" என்பதுபோல. இது இல்லாவிட்டால் புதிய பக்கவாதத்தைப் பழசு என்று விட்டுவிடக்கூடும். பழசைப் புதுசு என்று நினைக்கவும் கூடும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வரம்பு நாலரை மணி நேரம். அதனால் 108-ஐ அழைத்தாலும் ஸ்டான்லி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கே போனாலும் முதலில் சொல்ல வேண்டியது, கடைசியாக எத்தனை மணிக்கு வழக்கம்போல இருந்தார் என்பது. நீங்கள் நைட் ஷிப்டில் இருந்தால் அதைச் சொல்ல அக்கம்பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

எண்ணூரில் இருப்பதால் இன்னொன்று. 2023 டிசம்பர் 26 இரவு கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது பெரியகுப்பம் பக்கம் ஜனங்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். அப்படி ஒரு நேரத்தில் அம்மாவால் குரல் கொடுக்க முடியாது. இரண்டு வீட்டாரிடம் அவர் எந்த அறையில் படுப்பார், எவ்வளவு தூரம் நடப்பார், எந்தப் பக்கம் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று காட்டிவையுங்கள். விசில் சரிப்படாது; வாய் ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் ஊத வராது. இடது கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கைமணி வையுங்கள். வாசலில் எழுதி ஒட்டுவதும் தெரு வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் வேண்டாம், வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார் என்று ஊருக்கே அறிவித்தது மாதிரி ஆகிவிடும்.

ரேஷன் கடைக்கு அம்மா போகவே வேண்டாம். அட்டையில் பெயருள்ள யாரும் விரல் ரேகை வைத்து வாங்கலாம். ஷிப்டால் உங்களுக்கும் முடியாது என்றால், வேறொருவரை நியமிக்க அங்கீகாரப் படிவம் இருக்கிறது, கடைக்காரரிடம் கேளுங்கள்.