தியானமும் கோபமும்

அன்புள்ள ஐயா,

பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குச் சென்று வந்தபின் தினமும் காலையில் ஒரு மணி நேரம் அமர்கிறேன். அப்போது மனம் தெளிந்திருக்கிறது. ஆனால் அலுவலகத்தில் மேலதிகாரியின் ஒரு குறுஞ்செய்தி வந்தால் போதும், எல்லாம் கலைந்துவிடுகிறது. அந்த எரிச்சலோடு வீட்டுக்கு வந்து மகளிடம் கத்துகிறேன். "கண்ணை மூடி உட்கார்ந்து என்ன பயன்?" என்று அவளே கேட்டுவிட்டாள். தியான நேரத்தை இரண்டு மணியாகக் கூட்டட்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கூட்ட வேண்டாம். காலையில் கிடைத்த அமைதி மாலைவரை கெடாமல் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்புதான் உங்களை வதைக்கிறது. சதிபட்டான சுத்தம் என்னும் பேருரையில் மூச்சைக் கவனிக்கச் சொல்லும் புத்தர் அதோடு விடவில்லை. நடப்பது, திரும்பிப் பார்ப்பது, கையை மடக்கி நீட்டுவது, உண்பது, மலஜலம் கழிப்பது, பேசுவது, பேசாமலிருப்பது என எல்லாவற்றையும் அறிந்தே செய்யச் சொல்கிறார். இந்த விபாசனா முகாம்களைப் பரப்பிய கோயங்காவுக்கு ஆசிரியரான ஊ பா கின், 1948இல் விடுதலை பெற்ற பர்மாவின் தலைமைக் கணக்காயர். பதவியில் இருந்தபடியே தம் அலுவலக ஊழியர்களுக்குத் தியானம் கற்பித்தவர்.

அந்தக் குறுஞ்செய்திக்கு வருகிறேன். துன்பம் படிப்படியாகத் தோன்றும் விதத்தைக் காட்ட மணிமேகலைக் காப்பியம் சொல்லும் பன்னிரு சார்புகளில் ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என நான்கு அடுத்தடுத்து வரும். செய்தி கண்ணில் படுகிறது, அது ஊறு. முகம் சூடாகிறது, தொண்டை இறுகுகிறது, நெஞ்சில் ஒரு கசப்பு, அது நுகர்வு. அந்தக் கசப்பை உடனே உதறித் தள்ளத் துடிக்கிறீர்கள், அதுவும் வேட்கைதான். "என்னைப் பார்த்து எப்படி இப்படிக் கேட்கலாம்?" என்று நினைப்பதற்குள் பற்று வந்துவிட்டது, கட்டைவிரல் பதிலைத் தட்டிக்கொண்டிருக்கிறது. இத்தனையும் ஓரிரு நொடிக்குள்.

நுகர்வை யாராலும் தடுக்க முடியாது. அதற்கும் வேட்கைக்கும் இடையில்தான் நமக்கு வேலை. முகாமில் முழங்கால் வலித்தபோது காலை மாற்றாமல் வலியையே பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். இங்கும் அதைத்தான் செய்ய வேண்டும். செல்பேசியைக் கவிழ்த்து வையுங்கள். சூடு கன்னத்தில் இருக்கிறதா, காதிலா, கூடுகிறதா, தணிகிறதா என்று பாருங்கள். கோபம் உடனே போய்விடாது. விரல் நின்றால் போதும். பல வருடப் பழக்கம் ஒரு கணம் நிற்பதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

இன்னொன்று, பலரும் விட்டுவிடுவது. நல்வாய்மை, அதாவது நல்ல பேச்சு, புத்தர் காட்டிய எண்வழிப் பாதையின் ஓர் அங்கம். அதை ஒதுக்கிவிட்டுத் தியானத்தை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. தம் மகன் ராகுலனுக்குப் புத்தர் அம்பலட்டிகா என்னும் இடத்தில் சொன்ன அறிவுரையைப் படியுங்கள். கண்ணாடி எதற்கு என்று கேட்கிறார். பார்ப்பதற்கு என்கிறான் ராகுலன். அப்படியே ஒவ்வொரு செயலையும் சொல்லையும் எண்ணத்தையும் செய்யும் முன்பும், செய்யும்போதும், செய்த பின்பும் பார்க்க வேண்டும் என்கிறார்: இது எனக்கோ பிறருக்கோ துன்பம் தருமா? பாதியில் தெரிந்தால் பாதியிலேயே நிறுத்து. முடிந்தபின் தெரிந்தால் ஆசிரியரிடமோ அறிவுள்ள நண்பரிடமோ மறைக்காமல் சொல்லிவிட்டு இனிமேல் அடக்கத்தோடு இரு. குற்றவுணர்வில் உழலச் சொல்லவே இல்லை.

உங்கள் விஷயத்தில், முதலில் சொல்ல வேண்டியது மகளிடம்தான் என்று நினைக்கிறேன். தியானத்தைப் பற்றி விளக்கம் எதுவும் வேண்டாம். அலுவலகக் கோபத்தை அவள்மீது காட்டியது தவறு என்பதை மட்டும் சொல்லுங்கள். அடுத்த முறை குரல் உயர்ந்தால் சுட்டிக்காட்டும் உரிமையையும் அவளுக்குக் கொடுங்கள்.