தொற்றுநோய் நிபுணர் என்று இன்னொரு டாக்டர் எதற்கு? பில் ஏற்றவா?

அப்பாவின் ரத்தத்தில் கிருமி இருக்கிறது, ஏற்கெனவே மூன்று டாக்டர்கள் பார்க்கிறார்கள், இப்போது தொற்றுநோய் நிபுணரையும் கூப்பிடுகிறார்கள், இது தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐசியூ வாசலில் உட்கார்ந்துதான் டைப் செய்திருப்பீர்கள். கூப்பிடட்டும், தடுக்காதீர்கள்.

நான் டாக்டர் இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

என் அம்மாவுக்கு ரத்தத்தில் வந்தது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. சர்க்கரை வேறு. மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் ஏற்றியதும் காய்ச்சல் விட்டது, தெளிவாகப் பேசினார். மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தொற்றுநோய் நிபுணரான டாக்டரம்மா வந்தார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பழைய ஊசி போட்ட இடம் சிவந்திருந்ததைத் தடவிப் பார்த்தார். "முதுகு வலிக்குதாம்மா?" என்று கேட்டார். "அது எப்பவும் இருக்கிறதுதானே கண்ணு" என்றார் அம்மா. அவர் விடவில்லை. அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்து, முதுகெலும்பு நெடுக முஷ்டியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தார். இடுப்புக்குச் சற்று மேலே ஓரிடத்தில் அம்மா துடித்துப்போனார். எம்ஆர்ஐ எடுத்ததில் அங்கே எலும்பிலேயே கிருமி இறங்கியிருந்தது.

இந்தக் கிருமி இதய வால்விலும் போய் உட்காரும் என்பதால் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ரத்தம் சுத்தமாகிவிட்டதா என்று திரும்பத் திரும்ப கல்ச்சருக்கு, அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினார். அம்மாவின் ஃபைலில் "பென்சிலின் அலர்ஜி" என்று இருந்தது. என்ன ஆனது என்று விசாரித்தால், சின்ன வயதில் ஒருமுறை வாந்தி, அவ்வளவுதான். அப்படி எழுதப்பட்டவர்களைச் சோதித்தால் 10 பேரில் 9 பேருக்கு உண்மையான அலர்ஜி இருப்பதில்லை. அதனால் தயங்காமல் மெரோபெனத்தை நிறுத்திவிட்டு, இந்தக் கிருமியை நேராக அடிக்கிற செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மாற்றினார். எலும்பில் இறங்கியதால் 6 வாரம், அதுவும் நரம்பு வழியாகத்தான் என்றார். மாத்திரையோடு வீட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

"உங்கம்மா ஒருத்தரை வைத்து முடிவு கட்டாதே" என்று சிலர் வருவீர்கள். இந்தக் கிருமி ரத்தத்தில் இருக்கும்போது தொற்றுநோய் நிபுணர் பார்த்த நோயாளிகளில் இறப்பு குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கும் சளிக் காய்ச்சலுக்கும் அவர் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதை வார்டு டாக்டரே பார்த்துக்கொள்வார்.

என் வயிற்றெரிச்சல் வேறு. பார்க்க வருகிறேன் என்று கூட்டமாக வந்து, கை கழுவாமல் கட்டிலில் உட்கார்ந்து, "காய்ச்சல்தான் விட்டாச்சே, காசு பிடுங்கத்தான் வச்சிருக்காங்க" என்று நோயாளி காதுபடப் பேசுகிற சொந்தக்காரர்கள். அம்மா அன்று இரவெல்லாம் வீட்டுக்குப் போகணும் என்று அழுதார். உங்களிடமும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அவர்களை வெளியிலேயே நிறுத்துங்கள்.

டாக்டர் வரும்போது அப்பாவுக்கு முன்பு நடந்த ஆபரேஷன்கள், உடம்புக்குள் பிளேட், செயற்கை மூட்டு, பேஸ்மேக்கர் ஏதாவது இருக்கிறதா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் என்ன ஆனது, எல்லாவற்றையும் எழுதி வைத்திருங்கள். பழைய வலி என்று எதையும் விட்டுவிடாதீர்கள்.