கணக்கு யார் பெயரில்?

(இம்மாத வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், மலேசியாவின் பட்டர்வொர்த்தில் முப்பது ஆண்டுகள் கணக்குவழக்குப் பார்த்து ஓய்வு பெற்ற அக்கா. பள்ளி, கோயில் கணக்குகளையும் தணிக்கை செய்தவர்.)

கேள்வி: அக்கா, குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு செய்தி வந்தது. ஓர் இல்லத்தில் 23 பிள்ளைகளாம், மூன்று மாத வாடகை பாக்கியாம், வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் தெருவில்தானாம். அனுப்பியது என் நாத்தனார். 500 வெள்ளி (ரிங்கிட்) போடலாம் என்றிருக்கிறேன். ஆனால் வங்கிக் கணக்கு யாரோ ஒருவரின் சொந்தப் பெயரில் இருக்கிறது. கேட்டால் நாத்தனார் முகம் சுளிப்பார்.
- வாசகி, செந்தூல்

பதில்: நாத்தனாரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அண்ணி, நீங்கள் அந்த இல்லத்துக்குப் போயிருக்கிறீர்களா?" போயிருக்க மாட்டார். அவருக்கும் யாரோ அனுப்பியதுதான். இதில் கோபிக்க ஒன்றுமில்லை.

உங்கள் கண்ணில் பட்டதே சரியான இடம், கணக்கு யார் பெயரில் என்பது. சங்கமாக நடக்கும் இல்லம் என்றால் சங்கப் பதிவிலாகாவின் பதிவு எண் இருக்கும், நிறுவனமாகப் பதிந்திருந்தால் எஸ்.எஸ்.எம். (நிறுவனப் பதிவு ஆணையம்) எண் இருக்கும். வங்கிக் கணக்கும் அதே பெயரில்தான் இருக்க வேண்டும். டூயிட்நாவ் என்ற இணையப் பணமாற்று முறையில் அனுப்பும்போது, கடைசிப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் பெயர் திரையில் வரும். அவசரத்தில் அதை யாரும் படிப்பதில்லை. படியுங்கள்.

இன்னொன்று. பிள்ளைகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம், 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி சமூகநல இலாகாவிலும் பதிந்திருக்க வேண்டும். அந்த வட்டாரத்துச் சமூகநல அலுவலகத்துக்குப் போன் போட்டு இல்லத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அப்படியே போலீஸின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போட்டுப் பாருங்கள், ஏற்கெனவே யாராவது புகார் கொடுத்திருந்தால் தெரியும். புகார் இல்லை என்று வந்தால் நல்லவர் என்று அர்த்தமில்லை. நேற்றுத் திறந்த கணக்காகவும் இருக்கலாம்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், நானே ஏமாந்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பையனின் இருதய அறுவைச் சிகிச்சைக்கு என்று 300 வெள்ளி அனுப்பினேன். ஆஸ்பத்திரிக் கட்டில், மூக்கில் குழாய், மஞ்சள் வாத்துப் போட்ட சட்டை. இரண்டு வருடம் கழித்து அதே படம் வந்தது. வேறு பெயர், வேறு ஊர், வேறு கணக்கு எண். சட்டையில் அதே மஞ்சள் வாத்து. நாள் முழுக்க மற்றவர் கணக்கில் ஓட்டை தேடி வாழ்ந்தவள் நான். அன்றைக்கு அந்த வாத்து என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது.

அப்புறம் உங்கள் 500 வெள்ளிக்கு ஒரு யோசனை. வாடகை பாக்கிதானே? "வீட்டுக்காரர் கணக்கில் நானே நேராகக் கட்டிவிடுகிறேன், வாடகை ஒப்பந்தத்தின் நகல் மட்டும் அனுப்புங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். உண்மையில் கஷ்டப்படுகிறவர் உடனே அனுப்புவார். மற்றவர் உங்கள் எண்ணைத் தடுத்துவிடுவார், அதுவும் ஒரு பதில்தான். ஒருவேளை பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். மோசடிப் புகார்களுக்கான 997 எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

கேள்வி: அக்கா, பிறையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். கட்சிக் கிளைக்காரர் ஒருவர் தேர்தல் செலவுக்கு 2,000 வெள்ளி கேட்கிறார். வரிக்கழிவு கிடைக்கும் என்கிறார். ரொக்கமாகக் கொடுத்தால் நல்லதாம்.
- கடைக்காரர்

பதில்: வரிக்கழிவு கிடைக்காது. வருமான வரிச் சட்டம் 44(6)ஆம் பிரிவில் அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகளுக்குக் கொடுத்தால்தான் கழிவு. அதுவும் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரைதான். வருமான வரி வாரியமான எல்.எச்.டி.என். அகப்பக்கத்தில் அந்த அமைப்புகளின் பட்டியலைத் தேடலாம். அரசியல் கட்சிக்குக் கொடுப்பது அதில் சேராது. முதல் பேச்சிலேயே தப்பான தகவல் சொல்கிறவரிடம் ரொக்கம் கொடுப்பீர்களா?

கட்சியைப் பிடித்திருந்தால் கொடுங்கள், அது உங்கள் உரிமை. கட்சியும் சட்டப்படி ஒரு சங்கம்தான், 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தில் பதிந்தது. எனவே கட்சியின் பெயரில் உள்ள கணக்கில் போட்டு, எண் போட்ட ரசீது வாங்குங்கள். வேட்பாளருக்கு என்றால் அவருடைய தேர்தல் முகவரிடம் பேசுங்கள். செலவுக் கணக்கைத் தேர்தல் ஆணையத்துக்குக் காட்ட வேண்டியவர் அவர். நாடாளுமன்ற வேட்பாளர் 200,000 ரிங்கிட் வரையும் சட்டமன்ற வேட்பாளர் 100,000 ரிங்கிட் வரையும் செலவழிக்கலாம் என்று 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டம் சொல்கிறது. அந்த வரம்பு வேட்பாளருக்குத்தான், கட்சிக்கு இல்லை. யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்று கட்சிகள் ஊருக்குச் சொல்ல வைக்கும் தனிச்சட்டத்தைப் பற்றி 2015 முதல் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

அந்த 2015 ஏன் என்று உங்களுக்கே ஞாபகம் இருக்கும். 260 கோடி ரிங்கிட், அப்போதைய பிரதமர் நஜிப்பின் சொந்தக் கணக்கில் போனது அந்த வருடம்தான் வெளியே வந்தது. 'நன்கொடை' என்றார்கள். சின்னக் கிளைக்காரரோ பெரிய மனிதரோ, கேட்க வேண்டிய கேள்வி செந்தூல் வாசகி கேட்டதேதான்.

ஒரு கிசுகிசு மாதிரிச் சொல்கிறேன்: கடை லைசென்ஸ் புதுப்பிக்கிற மாதமாகப் பார்த்து யாராவது நன்கொடை கேட்டு வந்தால், அது நன்கொடை இல்லை.

கேள்வி: மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகத்தில்) சாப்பிடும்போது நன்கொடை கேட்டு அட்டையும் பெட்டியுமாக வந்து நிற்கிறார்களே, போடலாமா?
- வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: நான் போடுவதில்லை. வீடு வீடாகவும் தெருவிலும் வசூலிக்க 1947ஆம் ஆண்டிலிருந்தே தனிச்சட்டம் உண்டு, போலீஸ் அனுமதி வேண்டும். போன மாதம் ஒரு தம்பி நீட்டிய அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். வெயிலில் வெளுத்துப்போன படம், போன வருடத்தோடு முடிந்த தேதி. அவனைத் திட்ட மனம் வரவில்லை. ஒரு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

கேள்வி: அம்மா, நான் ஒரு கோயில் பொருளாளர். கும்பாபிஷேகத்துக்கு 50 வெள்ளி கொடுத்த ஒருவர் வந்து கணக்குக் காட்டச் சொல்கிறார். இருபது வருடமாகச் சாமிக்கு உழைக்கிறேன், மனசு வலிக்கிறது.
- வாசகர், புக்கிட் மெர்தாஜம்

பதில்: ஐயா, வலி புரிகிறது. ஆனால் அவர் உங்களைத் திருடன் என்று சொல்லவில்லை, கணக்குத்தான் கேட்டார். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் வரவு செலவைச் சங்கப் பதிவிலாகாவுக்கு எப்படியும் அனுப்பத்தானே வேண்டும்? ஆக, கணக்கு உங்கள் அலமாரியில் இருக்கிறது, அல்லது இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த 50 வெள்ளிக்காரரை விடுங்கள், உங்கள் நிர்வாகக் குழுவோடுதான் பேச வேண்டும்.

இருக்கிறதென்றால், அன்னதான உபயக்காரர் பட்டியல் ஒட்டும் பலகையில் பக்கத்திலேயே இதையும் ஒட்டுங்கள். சிமெண்டுக்கு எவ்வளவு, ஸ்தபதிக்கு எவ்வளவு, பந்தலுக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு. கேட்டவருக்குத் தனியாக ஒரு ஜெராக்ஸும் எடுத்துக் கொடுங்கள். 20 சென்தான் ஆகும், அதையும் செலவில் எழுதிவிடுங்கள்.