சாவியை எடுத்த பிறகும் சுழலும் விசிறி

கேள்வி: ராமேசுவரம் வரும் யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு அழைத்துச் செல்ல டீசல் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிறேன். திரும்பி வந்து அக்னி தீர்த்தம் அருகே நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும், முன்புற விசிறி இரண்டு மூன்று நிமிடங்கள் ஓடுகிறது. ராமநாதபுரத்திலிருந்து பாலம் தாண்டி வந்து தங்கச்சிமடத்தில் வீட்டு வாசலில் நிறுத்தினால் ஓடுவதில்லை. பேட்டரி வீணாகிறது, விசிறியின் ஒயரைக் கழற்றிவிடு என்கிறார், அம்பாசிடர் ஓட்டிய என் தந்தை. கழற்றலாமா?

பதில்: கழற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு இடங்களையும் ஒப்பிட்டாலே காரணம் விளங்கிவிடும். பாலத்திலும் நெடுஞ்சாலையிலும் எதிர்க்காற்றே, இன்ஜினின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டரைக் குளிர்விப்பதால் விசிறிக்கு வேலை குறைவு. கோயிலைச் சுற்றிய நெரிசலிலோ, ஏசி போட்டபடி ஊர்ந்து வருகிறீர்கள். ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பதால், அந்தச் சூடும் அதன் மேலேயே வீசுகிறது.

அந்த நிலையில் இன்ஜினை நிறுத்தியதும் வாட்டர் பம்பும் நின்று, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் ஓட்டம் அநேகமாக அடங்கிவிடும். ஆனால் இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டின் உலோகத்தில் தேங்கிய வெப்பம் உடனே அடங்காது. ஓட்டமின்றி நிற்கும் கூலண்டுக்குள் அது இறங்குவதால், நிறுத்திய சில நிமிடங்களில் கூலண்டின் சூடு ஓடியபோது இருந்ததைவிடச் சற்று ஏறவே செய்யும். சோற்றுப்பானையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் உள்ளே கொதி அடங்காமல் இருப்பதைப் போன்றதுதான் இது. சென்சார் அந்த ஏற்றத்தைக் கண்டு விசிறியை ஓடவிடுகிறது; சூடு இறங்கியதும் அதுவே நிறுத்தியும் விடுகிறது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பி.எஸ். 6 என்னும் புகை மாசு விதிக்கு உட்பட்ட டீசல் வண்டியானால் இன்னொரு காரணமும் உண்டு: புகைபோக்கியிலுள்ள வடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்துக்கொண்டிருக்கும்போதே வண்டியை நிறுத்தினால், அப்போதும் விசிறி தொடர்ந்து ஓடும்.

அம்பாசிடரில் விசிறி பெல்ட்டால் இன்ஜினோடு பிணைந்திருந்தது. இன்ஜின் நின்றால் அதுவும் நிற்கும். அதனால் தந்தைக்கு இது கோளாறாகத் தோன்றுவது இயல்பே. சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டி சீறியதும், பானெட்டைத் தூக்கிவைத்துக் காத்திருந்ததும் அவருக்கு நினைவிருக்கும். பேட்டரியைப் பற்றிய கவலைக்கும் கணக்கு உண்டு: விசிறி 20 ஆம்பியர் இழுப்பதாகவே வைத்துக்கொண்டாலும், 3 நிமிடத்தில் செலவாவது 1 ஆம்பியர்-மணிதான், டீசல் கார் பேட்டரியின் கொள்ளளவு ஏறத்தாழ 60 ஆம்பியர்-மணி.

கவலைப்பட வேண்டியது வேறு அறிகுறிகளுக்கு. இரவெல்லாம் நின்று ஆறிய வண்டியில் விசிறி ஓடினாலோ, நிறுத்தியபின் கால் மணி நேரம் தாண்டியும் ஓயாவிட்டாலோ, விசிறிக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ரிலேயை முதலில் மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் கடலோரத்தில் உப்புக்காற்று கனெக்டரின் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பாகப் படிவதைக் கண்ணாலேயே காணலாம். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் விசிறி நிற்காது. தனுஷ்கோடி மணலும் ரேடியேட்டரின் மெல்லிய இதழ்களுக்கிடையே அடைந்துகொள்ளும். நல்ல தண்ணீரை மெதுவாகப் பாய்ச்சிக் கழுவினால் போதும், வேகமாகப் பீய்ச்சினால் இதழ்கள் மடங்கிவிடும்.

கூலண்ட் குறைந்தால் கிணற்று நீரை ஊற்றும் வழக்கம் இங்கே இருக்கிறது. உப்புக் கலந்த அந்த நீர் உள்ளே படிவமாக இறுகி வழிகளை அடைக்கும். கடையில் நீர் கலந்தே கிடைக்கும் கூலண்டையே ஊற்றுங்கள். அதற்கும் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். விசிறி நின்றுவிட்டதென்று பானெட்டுக்குள் கைவிட்டுத் துழாவவும் கூடாது. சூடு மீண்டும் ஏறினால், சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கும்போதே அது சுழலத் தொடங்கலாம்.