பிள்ளையார் நோன்புக்குப் போர்வை தைக்க, புரட்டாசிதான் கெடு

கேள்வி: எனக்கு ஊர் பள்ளத்தூர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு குயில்ட் (துண்டுத் துணிகளை இணைத்து, அடுக்கித் தைக்கும் போர்வை) தைக்கப் பழகுகிறேன். கையில் இருப்பது பழைய மிதி மெஷின். போன வருடம் இரண்டு குஷன் உறை, ஒரு தொட்டில் விரிப்பு, ஒரு பை, ஒரு மேசை விரிப்பு என்று ஆரம்பித்தேன்; எல்லாமே பாதியில் நிற்கின்றன. அப்பத்தாவின் ஐந்து கண்டாங்கிச் சேலைகள் மரப்பெட்டியில் இருக்கின்றன. சிங்கப்பூரில் இருக்கும் மகள் பிள்ளையார் நோன்புக்கு வருவாள். அதற்குள் அந்தச் சேலைகளில் ஒரு கட்டில் போர்வை தைத்துக் கொடுக்க ஆசை. ஆனால் வெட்டக் கை வரவில்லை. இந்த வருடத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது?

பதில்: முதலில் தேதியைச் சரிசெய்துகொள்வோம். திருக்கார்த்திகை முடிந்து 21-ஆம் நாள், நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு. அதனால் மார்கழி வரை நேரம் இருப்பதாகத் தோன்றும். அவ்வளவு நேரம் இல்லை. அக்டோபர் பின்பாதியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், மேல்பக்கம், நடு அடுக்கு, அடிப்பக்கம் என்ற மூன்று அடுக்குத் துணி உள்ளே வரை காயாது. வெளியே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். மடித்து வைத்த நாலாம் நாள் வாடை வரும். தைத்து முடித்த போர்வையை ஒரு முறையாவது அலசி, முழுசாகக் காயவைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே உங்கள் கெடு புரட்டாசிக் கடைசி. இப்போது தை பிறந்திருக்கிறது. கையில் இருப்பது ஒன்பது மாதம். அதில் ஒரு பெரிய போர்வைக்குத்தான் இடம் உண்டு. புதிதாக வேறு எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

அடுத்து, வெட்ட மனம் வராத விஷயம். கணக்குப் போட்டுப் பார்த்தால் பாரம் பாதி குறையும். 60க்கு 80 இஞ்ச் போர்வை என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல்பக்கம் 4,800 சதுர இஞ்ச். தையலுக்கு உள்ளே போவது, வெட்டில் வீணாவது எல்லாம் சேர்த்தாலும் 6,700 தாண்டாது. ஐந்தரை மீட்டர் சேலை ஒன்றின் பரப்பே 9,900 சதுர இஞ்சுக்கு மேல். அதாவது மேல்பக்கம் முழுவதற்கும் ஒரு சேலை அளவு துணி போதும். அதை ஒரே சேலையிலிருந்து எடுக்காமல், நான்கு சேலைகளில் இடுப்பில் செருகும் முனையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் மட்டும் எடுங்கள். முந்தானை அப்படியே இருக்கும். மிச்சம் நாலு மீட்டருக்கு மேல் ஒவ்வொன்றிலும் நிற்கும். பேத்திக்குத் தாவணியாகக்கூட அது ஆகும்.

ஐந்தாவது சேலை அடிப்பக்கத்துக்கு. போர்வையைவிட நாலாபுறமும் நாலு இஞ்ச் கூடுதலாக, 68க்கு 88 வேண்டும். 88 இஞ்சில் இரண்டு நீளம் எடுத்தால் 176 இஞ்ச்தான். சேலை 216 இஞ்ச் இருக்கும். இரண்டையும் பக்கவாட்டில் சேர்க்கும்போது நடுவில் வரும் கரைகளை எடுத்துவிட்டு இணையுங்கள். கரை தடிமன், அதன் மேல் கையால் ஊசி ஓட்டுவது விரலுக்குத் தண்டனை. எடுத்த கரையை எறியாதீர்கள், வேலை இருக்கிறது. பழைய சேலைகளின் நீளம் ஒன்றுபோல் இருக்காது என்பதால், எதை வெட்டும் முன்னும் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

எந்தச் சேலை எந்த வேலைக்கு என்பதை அழகு முடிவு செய்யக் கூடாது, வலு முடிவு செய்ய வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இழை விலகி மெலிந்த இடங்கள் தெரியும். அப்புறம் இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நெடுக்கிலும் குறுக்கிலும் அழுத்தி இழுங்கள். முனகாமல் நின்றால் அது அடிப்பக்கத்துக்கு ஆகும். உடம்பு படுவதும் உரசுவதும் அடிப்பக்கம்தான். இலேசாகக் கிழிந்தால், அதைச் சின்னத் துண்டாக்கி, கீழே மெல்லிய மல் துணி கொடுத்து மேல்பக்கத்தில் சேர்க்கலாம். பல வருடம் ஒரே மடிப்பில் கிடந்த சேலை மடிப்புக் கோட்டில்தான் முதலில் போகும். அந்தக் கோட்டை விட்டு வெட்டுங்கள்.

பருமனையும் பாருங்கள். பழைய கண்டாங்கி முரட்டுப் பருத்தி. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு புதுக் கண்டாங்கிக்குக் கிராக்கி கூடியிருக்கிறது. ஆனால் புதியவை பலவும் மெல்லிய நூலில் வருகின்றன. துண்டு பற்றாமல் புதியது ஒன்று வாங்கிச் சேர்ப்பதானால் கையில் பிடித்து எடை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பட்டும் ஜரிகையும் இந்தப் போர்வைக்குள் வேண்டவே வேண்டாம்.

இனி சாயம். கண்டாங்கியில் அரக்குச் சிவப்பும் கறுப்பும் மஞ்சளைத் தொட்டபடி நிற்கும் அழகுதான் நம்மை இழுக்கிறது. சாயம் ஓடினால் மஞ்சள்தான் முதலில் கெடும். ஒவ்வொரு சேலையிலும் ஒரு ஓரத்தை நனைத்து, மேலே வெள்ளைத் துணி வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தச் சேலையைத் தனியாக, வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டு, தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்று பலர் சொல்வார்கள். சாயத்தொட்டியில் நிறம் நூலுக்குள் ஏற உப்பு உதவுகிறது என்பது நிஜம். ஏற்கெனவே சாயம் போட்டு நெய்த துணியில், ஒட்டாமல் நிற்கும் மிச்ச நிறத்தை அது பிடித்து நிறுத்தாது. அலசி வெளியேற்றுவது ஒன்றே வழி. இந்த வேலைக்குப் பங்குனி சரியான மாதம்: காற்றும் வெயிலும் இருக்கும், வளவுத் (வீட்டின் நடு முற்றம்) தாழ்வாரத்தில் நிழலில் போட்டாலே ஒரே நாளில் காய்ந்துவிடும். நேர் வெயிலில் போட்டு நிறத்தை வெளுக்க விடாதீர்கள்.

பங்குனி வரை என்ன செய்வது? பாதியில் நிற்பவற்றை முடியுங்கள். குஷன் உறைகளுக்குப் பின்பக்கம் மட்டும்தான் பாக்கி இருக்கும் என்று ஊகிக்கிறேன். அவற்றில் மெஷின் தையலைச் சீராக்கிக்கொள்ளுங்கள். தொட்டில் விரிப்பில் கைத்தையல் பழகுங்கள். பையை முடிக்க இரண்டு மதியம் ஆகும். மேசை விரிப்பை நான் விட்டுவிடச் சொல்வேன். மனம் ஒட்டாத வேலையை முடித்தே தீர வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. பிரித்துத் துணியை எடுத்து வையுங்கள்.

மிதி மெஷினைப் பற்றி நீங்கள் குறையாக எழுதவில்லை, சந்தோஷம். துண்டு இணைப்பதற்கு அதைவிட நல்ல மெஷின் கிடையாது. நேர்த்தையல் மட்டும் போடுவதால் ஊசி இறங்கும் துளை சிறியது. துணியின் மூலை உள்ளே இழுபடாது. 14-ஆம் நம்பர் ஊசி, பருத்தி நூல், ஒரு இஞ்சுக்கு 12 தையல். ஆரம்பிக்கும் முன் ஒரு சோதனை. ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, கால் இஞ்ச் தையல்விட்டு இணையுங்கள். நடுப்பட்டை சரியாக ஒரு இஞ்ச் தெரிய வேண்டும். கூடக்குறைய இருந்தால், மெஷின் தட்டில் கால் இஞ்சுக்கு நேரே ஒரு பிளாஸ்திரி ஒட்டி, துணியின் விளிம்பை அதை உரசி ஓட்டுங்கள். இதைச் சில்லறை விஷயமாக நினைக்காதீர்கள். ஒரு வரிசையில் பத்துத் துண்டு, ஒன்பது தையல். தையலுக்கு ஒரு நூல் அளவு (அரைக்கால் இஞ்ச்) தப்பினால் வரிசை ஒரு இஞ்சுக்கு மேல் கோணிவிடும்.

டிசைனுக்கு வெளியே தேட வேண்டாம், உங்கள் காலடியில் இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டுத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லில் ஒரு கல்லைத் தனியாகப் பார்த்தால் பல நேரம் கால் பூதான் தெரியும். நான்கைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் ஒரு திருப்புத் திருப்பிப் பதித்தால் முழுப் பூ. குயில்ட் கட்டமும் அந்தக் கணக்கில்தான் நடக்கிறது. வளைவுக் கோடுகளை இந்த வருடம் தொடாதீர்கள். முக்கோணம் மட்டும் வரும் டிசைனைப் பாருங்கள்.

செய்முறை இதோ. ஆறு இஞ்ச் சதுரங்கள் 140 வெட்டுங்கள். நிறம் மாறிய இரண்டை நல்லபக்கம் உள்ளே இருக்க வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இருபுறமும் கால் இஞ்ச் தள்ளித் தையுங்கள். பிறகு கோட்டின் மேல் வெட்டினால் இரண்டு நிறச் சதுரம் இரண்டு கிடைக்கும். முதலில் முக்கோணமாக வெட்டிவிட்டுத் தைத்தால் குறுக்கு விளிம்பு இழுபட்டு நீளும். தைத்த பிறகு வெட்டினால் அந்தத் தொல்லை இல்லை. இஸ்திரி போட்டு, ஒவ்வொன்றையும் ஐந்தரை இஞ்சுக்குச் சீவிவிடுங்கள். அப்படி நான்கு சேர்ந்தால், தைத்த பிறகு பத்து இஞ்ச் நிற்கும் ஒரு கட்டம். அகலத்துக்கு ஐந்து, நீளத்துக்கு ஏழு, மொத்தம் 35 கட்டம். சித்திரை, வைகாசி வெயிலில் மடியில் கனத்த துணி தாங்காது. சின்னத் துண்டு வேலைக்கு அந்த மாதங்கள்தான். வாரத்துக்கு நான்கு கட்டம் என்றால் ஒன்பது வாரம். ஆனியில் எல்லாவற்றையும் இணைத்து, சுற்றிலும் ஐந்து இஞ்ச் சட்டம் வையுங்கள். அந்தச் சட்டம்தான் கண்டாங்கியின் கரை. நான்கு துண்டுகளிலிருந்து எட்டுப் பட்டை வரும், அடிப்பக்கச் சேலையில் எடுத்து வைத்ததும் இருக்கிறது. கரை அகலம் பற்றாவிட்டால் பக்கத்து உடலையும் சேர்த்தே வெட்டிக்கொள்ளுங்கள்.

வெட்டும்போது ஒரு தடுமாற்றம் வரும். சேலையில்தான் கட்டம் இருக்கிறதே, அதையே பிடித்து வெட்டலாமே என்று. கைத்தறிக் கட்டம் நெடுக்கில் ஒரு அளவு, குறுக்கில் இன்னொரு அளவு இருக்கும். ஸ்கேலை நம்புங்கள். கோடுகள் ஒன்றோடொன்று சேராமல் போனால் போகட்டும். அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள், உழைத்துத் தேய்ந்த பழந்துணிகளில் தைத்த போர்வைகள் 2002-ல் அருங்காட்சியகக் கண்காட்சிக்குப் போயின, 2006-ல் அந்த நாட்டுத் தபால்தலைகளாகவும் வந்தன. கோடு விலகி நிற்பதும் பட்டை சரிந்து போவதும் அந்தப் போர்வைகளின் உயிர். துல்லியம் தையலில் இருக்கட்டும். துணியின் கோடு அதன் போக்கில் போகட்டும்.

நடு அடுக்குக்குக் கடையில் விற்கும் தடித்த பாலியஸ்டர் பஞ்சு ஷீட் வேண்டாம். நம் ஊர்ச் சூட்டிலும் சிங்கப்பூர்ப் புழுக்கத்திலும் அதைப் போர்த்த முடியாது. இலவம்பஞ்சு தலையணைக்கு நல்லது. போர்வைக்குள் ஓரிடத்தில் திரண்டுவிடும். கர்நாடகத்தின் கௌதி, மகாராஷ்டிரத்தின் கோதடி எல்லாம் பழந்துணி அடுக்கியே தைப்பவை. நன்றாகத் துவைத்து மெத்தென்று ஆன பழைய பருத்தி வேட்டிகளை, மேல்பக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இணைத்து வையுங்கள். ஏசி அறையில் படுக்கவும் இதமாக இருக்கும்.

மூன்றையும் அடுக்குவது ஆடி முதல் வாரத்தில். ஆடிக்காற்றில் வளவில் விரிக்காமல், உள்கூடமான பட்டாலையில் விரியுங்கள். வழவழப்பான கல்தரையில் டேப் நன்றாக ஒட்டும். அடிப்பக்கத்தைத் தலைகீழாகப் போட்டு, சுருக்கமில்லாமல் ஓரங்களை டேப்பால் ஒட்டி, மேலே வேட்டி, அதன் மேலே தைத்த துணி. நடுவிலிருந்து வெளியே நகர்ந்தபடி கையகலத்துக்கு ஒரு சேஃப்டி பின். ஒருவரால் முடியாது, ஒரு ஆளைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கைத்தையலுக்கு நடு அடுக்கு வேட்டி என்பதால் இரண்டு இஞ்சுக்கு ஒரு வரிசை ஓடு தையல் போதும். மொத்தம் 40 வரிசை. நடு வரிசையில் தொடங்குங்கள். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் துணி குமிழும். கோடு போடத் தேய்ந்த சோப்பு வில்லை போதும், கறுப்பிலும் தெரியும், அலசினால் போய்விடும். நாளுக்கு ஒரு வரிசை என்றாலும், நல்லநாள், விருந்தாளி எல்லாம் கழித்து ஆவணி முடிவதற்குள் முடித்துவிடலாம்.

புரட்டாசியில் ஓரம். கண்டாங்கிக் கரையை ஓரத்துக்கு மடிக்காதீர்கள், மூலையில் கட்டையாக நிற்கும். சாயம் போகாத கறுப்புப் பருத்தி அரை மீட்டர் வாங்கி, இரண்டரை இஞ்சில் ஏழு பட்டை வெட்டி இணைத்தால் சுற்றளவுக்குச் சரியாக இருக்கும். நேர்விளிம்புக்கு மூலைவாக்கில் வெட்டிய பட்டை தேவையில்லை. மேல்பக்கம் மெஷினில், அடிப்பக்கம் கையால்.

பிறகு ஒரு நல்ல வெயில் நாளில் அலசி, இரண்டு கொடியில் பரப்பிக் காயப்போடுங்கள். ஒற்றைக் கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பாரம் தையலை இழுக்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை கூடாது. அந்துருண்டை வைப்பதானால் துணியில் படாமல் தனி முடிச்சாக. மழை மாதங்களில் ஒன்றிரண்டு முறை எடுத்து மடிப்பை மாற்றுங்கள். மகளிடம் கொடுக்கும்போது முதல் சில துவைப்புகளைத் தனியாக, பச்சைத் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். டிரையரில் போட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.