போட்டில் பங்கு வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து தங்கல் தொழிலுக்கு (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பது) போகும் போட்டில் ஆள் பங்குக்கு வேலை செய்கிறேன். நல்ல மாதத்தில் 25 ஆயிரம் வரும். மீன்பிடித் தடைக்காலத்தில் ஒன்றும் இல்லை. 60 லட்சம் மதிப்புள்ள பழைய போட்டு ஒன்றை 12 பேர் சேர்ந்து வாங்குகிறார்கள். ஒரு பங்கு 5 லட்சம். கையில் 2 லட்சம் இருக்கிறது; மீதிக்கு மனைவியின் நகையை அடகு வைக்கலாம் என்று நினைக்கிறேன். ‘முதல் இல்லாதவன் கடைசிவரை கூலிக்காரன்தான்’ என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அமெரிக்காவில் தொழிலாளிக்கே கம்பெனிப் பங்கு கொடுக்கிறார்களாமே, இதுவும் அப்படித்தானே? வாங்கலாமா?

— வாசகர், கிள்ளியூர் வட்டம்

பதில்: நண்பர்கள் சொல்வது சரி. ஆனால் அவர்கள் காட்டும் வழி சரியில்லை.

ஏலம் முடிந்து டீசல், ஐஸ், சாப்பாடு, கமிஷன் எல்லாம் கழித்த பிறகு மிஞ்சும் தொகையில் ஒரு பகுதி போட்டுக்கு, மறுபகுதி ஆட்களுக்கு. போட்டுப் பங்குக்காரர் காய்ச்சலில் படுத்திருந்தாலும் அவர் பணம் வீட்டுக்கு வரும். உங்கள் பங்கு நீங்கள் ஏறினால்தான். ஏற்றத்தாழ்வு ஏன் கூடிக்கொண்டே போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எந்தப் பொருளாதார நிபுணரிடமும் இல்லை. ஆகவே மூலதனத்தில் ஒரு பங்கு உங்களுக்கும் வேண்டும். எந்த மூலதனத்தில், யார் பணத்தில் என்பதுதான் கேள்வி.

இந்தப் போட்டையே கணக்குப் போடுவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உண்மையான கணக்கு நோட்டை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள், மூன்று ஆண்டுக்கு உரியது. ஆண்டுக்குப் போட்டுப் பங்காக 15 லட்சம் வருகிறது என்று வையுங்கள். வலை, எஞ்சின் வேலை, கரையேற்றிப் பெயின்ட் அடிப்பது, இன்ஷூரன்ஸ் என்று 9 லட்சம் போனால் மீதி 6 லட்சம். பன்னிரண்டில் ஒன்று 50 ஆயிரம். 5 லட்சத்துக்கு 10 சதவீதம், மோசமில்லை என்று தோன்றும். ஆனால் போட்டு பழசாகிறது. ஓராண்டில் அதன் விலை 4 லட்சம் இறங்கினால் உங்கள் பங்கின் மதிப்பில் 33,333 ரூபாய் காணாமல் போகிறது. கைக்கு வந்த 50 ஆயிரத்தில் அவ்வளவும் உங்கள் சொந்த முதலே திரும்பி வந்தது. நிஜ லாபம் 16,667 ரூபாய், அதாவது 3.3 சதவீதம். நகைக்கடன் வட்டி இதைவிட மிக அதிகம். கூட்டுப் போட்டுகளில் சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான்: ஐந்தாறு வருடம் லாபத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, எஞ்சின் மாற்ற வேண்டிய நாளில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

அமெரிக்க விஷயத்துக்கு வருகிறேன். அந்த யோசனையைக் கொண்டுவந்தவர் லூயிஸ் கெல்சோ என்ற வழக்கறிஞர். 1956இல் கலிஃபோர்னியாவில் ஒரு செய்தித்தாள் நிறுவனத்தை அதன் ஊழியர்களே வாங்க வழி செய்தார். 1974இல் அதற்குச் சட்ட ஆதரவும் கிடைத்தது. அதில் கடன் வாங்குவது தொழிலாளி அல்ல, தொழிலாளர்களுக்காக நடக்கும் ஓர் அறக்கட்டளை. நிறுவனத்தின் வருமானத்திலிருந்தே கடன் அடையும். தொழிலாளியின் வீடோ நகையோ அடமானத்தில் இல்லை. உங்கள் ஏற்பாட்டில் போட்டு ஓடாவிட்டால் மனைவியின் நகை ஏலத்துக்குப் போகும். கெல்சோவின் முறைக்கு நம் ஊரில் நெருக்கமானது, ஏலத்தொகையில் இத்தனை சதவீதம் என்று பிடித்துக் கடனைக் கழிக்கும் மீனவர் சங்க முறைதான். மீன் இல்லாத மாதம் தவணையும் இல்லை. (அலாஸ்காவில் எண்ணெய் வருமானத்தின் ஒரு பகுதியை நிதியாக்கி 1982 முதல் குடிமக்களுக்கு ஆண்டுதோறும் பங்குத்தொகை தருகிறார்கள். மணவாளக்குறிச்சி கனிம மணலுக்கும் அப்படி ஒன்று இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்; அது அரசு செய்ய வேண்டியது, உங்கள் 2 லட்சத்தால் ஆகாது.)

இன்னொரு ஆபத்து: உங்கள் கூலியும் கடலிலிருந்து, முதலும் கடலிலிருந்து. 2017 நவம்பரில் ஒக்கி புயல் அடித்தபோது ஒரே இரவில் ஆளும் போனார்கள், போட்டும் போனது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடையில் இரண்டு வருமானமும் ஒன்றாகவே நிற்கும்.

அப்படியும் சேரத்தான் வேண்டும் என்றால், நகையைத் தொடாமல், இரண்டு பேர் சேர்ந்து ஒரு பங்கு என்ற அளவில் யோசியுங்கள். அதற்கும் கையில் உள்ளது போதாது. மீதியைச் சேர்த்த பிறகு போகலாம். வாய்ச்சொல் வேண்டாம். பதிவுச் சான்றில் யார் பெயர், பழைய உரிமையாளர் ஏலக்காரரிடம் வாங்கிய முன்பணம் பாக்கி உண்டா, அந்தக் கட்டுப்பாடு போட்டோடு சேர்ந்து வருமா என்று பாருங்கள். வந்தால் மீனை அந்த ஏலக்காரரிடமே, அவர் சொல்லும் கமிஷனில் விற்க வேண்டியிருக்கும். கூட்டாண்மைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். பதிவில்லாத கூட்டாண்மையில் பங்குதாரர் தன் உரிமைக்காக மற்றவர்கள்மேல் பொதுவாக வழக்குப் போட முடியாது. 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டாண்மையின் கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் முழுத்தொகைக்கும் பொறுப்பு. 5 லட்சம் போட்டவரிடம் 20 லட்சம் கேட்டும் வரலாம். எஞ்சினுக்கென்று போட்டுப் பங்கில் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் போடும் விதியும், விலகுபவரின் பங்கை எந்த விலைக்கு எடுப்பது என்ற விதியும் பத்திரத்தில் இருக்கட்டும்.

நான் சொல்வது வேறு. 2 லட்சத்தில் 60 ஆயிரத்தைத் தடைக்காலச் செலவுக்கு வங்கியிலேயே வையுங்கள். மீதியை ஒரே நாளில் போடாமல், ஒன்றரை ஆண்டுக்குப் பிரித்து, நிஃப்டி 50 என்ற பங்குச்சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் இன்டெக்ஸ் ஃபண்ட் ஒன்றில், முகவர் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானில் போடுங்கள். நாட்டின் பெரிய 50 நிறுவனங்களில் சிறு துண்டு உங்களுடையதாகும். விலை இறங்கும்; 2008இல் இந்தக் குறியீடு பாதிக்கு மேல் இறங்கியது. பத்து வருடம் தொட வேண்டாத பணம் மட்டும் இதில் இருக்கட்டும். பிறகு வருமானத்திலிருந்து மாதம் சராசரி 2,000 ரூபாய், 20 வருடம். மொத்தம் போடுவது 4.8 லட்சம். ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்தால் சுமார் 15 லட்சம், 6 சதவீதமே வளர்ந்தால் சுமார் 9 லட்சம். இரண்டுக்கும் உத்தரவாதம் கிடையாது.

மாத எஸ்ஐபி, அதாவது வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் முறை, உங்களுக்குப் பொருந்தாது. தங்கலில் இருக்கும்போது கணக்கில் பணம் இல்லையென்றால் வங்கி அபராதம் பிடிக்கும். மூன்று தவணை தொடர்ந்து தவறினால் எஸ்ஐபி ரத்தாகும். கரைக்கு வந்து பங்கு கையில் கிடைத்த அன்றே, கிடைத்த தொகைக்கு ஏற்ப, மனைவி ஃபோனிலிருந்து போடுவதே வசதி.

யார் பெயரில் என்பது உங்கள் தொழிலில் முக்கியம். கடலில் காணாமல் போனவரை இறந்தவராகச் சட்டம் கருத வழக்கமாக 7 ஆண்டு ஆகும். நாமினி பெயர் இருந்தாலும் இறப்புச் சான்று இல்லாமல் பணம் வராது. அதனால் ஃபண்டை மனைவியின் பெயரிலேயே தொடங்கி உங்களை நாமினியாக்குங்கள். அல்லது இருவர் பெயரிலும், ‘யாரேனும் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்ற முறையில். பல செயலிகளில் கூட்டுக் கணக்கு தொடங்க முடியாது, காகித விண்ணப்பம் கொடுக்க வேண்டியிருக்கலாம். இருவருக்கும் பான் கார்டும் கேஒய்சியும் வேண்டும். ஃபண்டில் முதல் பெயராக இருப்பவர், பணம் கட்டும் வங்கிக் கணக்கிலும் பெயர் உள்ளவராக இருக்க வேண்டும். மனைவி பெயரில் ஃபண்டு, உங்கள் தனிக் கணக்கிலிருந்து பணம் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.