4.4 கேபிள் வாங்குவதற்கு முன்: ஒயர்டு ஹெட்போன், பேலன்ஸ்டு இணைப்பு கேள்வி பதில்

கேள்வி: சார், சென்ஹைசர் எச்டி 660எஸ்2, ஹைஃபைமேன் எடிஷன் எக்ஸ்எஸ் இரண்டில் ஒன்றை எடுக்கப் போகிறேன். 660எஸ்2 பெட்டியிலேயே 4.4 பேலன்ஸ்டு கேபிள் வருகிறது. அதற்காகவே அதை எடுக்கலாமா?

பதில்: கேபிளுக்காக எடுக்காதீர்கள். 4.4 என்பது 4.4 மி.மீ. பிளக்; பேலன்ஸ்டு என்றால் ஒவ்வொரு காதுக்கும் பிளஸ், மைனஸ் இரண்டும் தனித்தனியாகப் போகும் இணைப்பு. எடிஷன் எக்ஸ்எஸ்-இல் இரண்டு கப்பிலும் தனித்தனி 3.5 மி.மீ. ஜாக் இருக்கிறது, 4.4 கேபிள் எப்போது வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். இவை இரண்டும் ஆம்பிடம் (ஆம்ப்ளிஃபயர்) கேட்பது வேறு வேறு, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

660எஸ்2-க்கு 300 ஓம் (மின்தடை), 1 வோல்ட்டுக்கு 104 டெசிபெல். எடிஷன் எக்ஸ்எஸ்-க்கு 18 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 92 டெசிபெல். இசை உச்சத்துக்குப் போகும்போது 110 டெசிபெல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 660எஸ்2 கேட்பது 2 வோல்ட். கரண்ட் 7 மில்லி ஆம்பியர்கூட வேண்டாம். எடிஷன் எக்ஸ்எஸ்-க்கு 1.07 வோல்ட் போதும், ஆனால் 59 மில்லி ஆம்பியர் இழுக்கும். பேலன்ஸ்டு அவுட்புட் கூட்டித் தருவது வோல்ட்டேஜை, கரண்ட்டை அல்ல. ஆகவே சின்ன டாங்கிளில் (போனில் செருகும் குட்டி ஆம்ப்) 4.4-க்கு மாறினால் பலன் தெரிவது 660எஸ்2-இல்தான். எடிஷன் எக்ஸ்எஸ் எடுப்பதாக இருந்தால் ஆம்பின் 16 அல்லது 32 ஓம் பவர் எண்ணைப் பாருங்கள்.

சத்தத்தைப் பொறுத்தவரை, குரலும் நடு அலைவரிசையும் முன்னால் நிற்க வேண்டும் என்றால் 660எஸ்2. ஒலி மேடை (கருவிகள் பரந்து நிற்பதுபோன்ற உணர்வு) விரிவாகவும் அடி பேஸ் நீண்டும் வேண்டும், மேல் அலைவரிசை கொஞ்சம் பளிச்சென்று இருந்தாலும் பரவாயில்லை என்றால் எடிஷன் எக்ஸ்எஸ். சின்னத் தலைக்கு அதன் ஹெட்பேண்ட் தளர்வாக உட்காரும், போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

கேள்வி: ஒன்று வோல்ட்டில், இன்னொன்று மில்லிவாட்டில் சொல்கிறது. 104-ஐயும் 92-ஐயும் எப்படி ஒப்பிடுவது?

பதில்: அப்படியே ஒப்பிட்டால் தப்பாகிவிடும். 1000-ஐ ஓம் எண்ணால் வகுத்து, அதன் லாக் மதிப்பைப் பத்தால் பெருக்கி, மில்லிவாட் எண்ணோடு கூட்டுங்கள். எடிஷன் எக்ஸ்எஸ்-க்கு 1000 ÷ 18 = 55.6, அதன் லாக் பத்து மடங்கு 17.4, ஆக 1 வோல்ட்டுக்கு 109.4 டெசிபெல். ஒரே வோல்ட்டேஜில் 660எஸ்2-ஐ விட அதுதான் சத்தமாக ஒலிக்கும். கரண்ட் கொடுக்கத் திணறும் ஆம்பில் சத்தம் உடைந்து கேட்பதும் அதில்தான்.

கேள்வி: பேலன்ஸ்டு என்றால் வெளி இரைச்சல் குறையும் என்கிறார்களே?

பதில்: அது டேக்-இலிருந்து (டிஜிட்டல் இசையை மின் சிக்னலாக மாற்றும் கருவி) ஆம்புக்குப் போகும் 3 பின் எக்ஸ்எல்ஆர் கேபிளுக்குப் பொருந்தும். அங்கே எதிர்முனையில் இரண்டு சிக்னலின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் சர்க்யூட் இருக்கிறது. இரண்டிலும் பொதுவாக ஏறிய இரைச்சல் கழிந்துவிடும். ஹெட்போன் கேபிளில் ஓடுவது ஆம்ப் அழுத்தமாகத் தள்ளும் சிக்னல், அதில் ஏறும் வெளி இரைச்சல் பொருட்படுத்தும் அளவில் இருக்காது.

ஹெட்போன் பக்கம் நடப்பது இதுதான்: ஒவ்வொரு டிரைவரின் (கப்புக்குள் சத்தம் எழுப்பும் பகுதி) இரண்டு முனையையும் தனித்தனி ஆம்ப் எதிரெதிராகத் தள்ளுகிறது. வோல்ட்டேஜ் இரண்டு மடங்கு, அதாவது 6 டெசிபெல் கூடுதல். கரண்ட் தாங்கினால் பவர் நான்கு மடங்கு. அவுட்புட் இம்பிடன்ஸும் (ஆம்பின் உள் மின்தடை) இரண்டு மடங்காகும் என்பதை விளம்பரத்தில் எழுத மாட்டார்கள்.

இன்னொரு லாபம், இடமும் வலமும் ஒரே கிரவுண்டை (கரண்ட் திரும்பும் பொது ஒயர்) பகிர்வதில்லை. பகிரும் பகுதியில் 0.1 ஓம் இருந்தால் 300 ஓம் ஹெட்போனில் ஒரு பக்கச் சத்தம் மறுபக்கத்தில் சுமார் 70 டெசிபெல் கீழே கசியும். 18 ஓமில் 45 டெசிபெல் கீழே. நல்ல எல்பி கார்ட்ரிஜ்களின் (இசைத்தட்டு ஊசித் தலை) சேனல் பிரிவே 25 முதல் 30 டெசிபெல்தான், அதில் யாரும் மேடை சுருங்கிவிட்டதென்று புகார் சொல்வதில்லை. கிராஸ்டாக் எனப்படும் இந்தக் கசிவுக்காக மட்டும் பேலன்ஸ்டுக்கு மாற வேண்டியதில்லை.

கேள்வி: பேயர்டைனமிக் டிடி 900 ப்ரோ எக்ஸ் வைத்திருக்கிறேன். 4.4 கேபிள் கிடைக்குமா?

பதில்: கேபிள் மாற்றினால் மட்டும் ஆகாது. அதில் இருப்பது 3 பின் மினி எக்ஸ்எல்ஆர்; இடம், வலம், பொதுவான கிரவுண்ட் என்று மூன்றே இணைப்பு. ஏகேஜி கே702-உம் அப்படித்தான். கப்பைத் திறந்து நாலாவது ஒயர் இழுத்து ஜாக்கையும் மாற்ற வேண்டும், வாரன்ட்டி போய்விடும். ஒற்றைக் கேபிள் என்றாலே முடியாது என்றும் நினைக்க வேண்டாம்: சென்ஹைசர் எச்டி 490 ப்ரோவில் ஒரே கேபிள்தான், ஆனால் 4 பின் மினி எக்ஸ்எல்ஆர் என்பதால் கேபிளை மட்டும் மாற்றினால் போதும். இரண்டு கப்பிலும் தனி ஜாக் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி: ஆம்பில் 4.4 மட்டும் இருக்கிறது, என் ஹெட்போன் 3.5. இடையில் ஒரு அடாப்டர் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. 3.5 பிளக்கில் இட மைனஸும் வல மைனஸும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. பேலன்ஸ்டு ஆம்பில் அந்த இரண்டும் உயிருள்ள அவுட்புட்கள். அவற்றைச் சேர்த்தால் இரண்டு ஆம்ப் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளும். பாதுகாப்பு சர்க்யூட் இருந்தால் ஆஃப் ஆகும், இல்லாவிட்டால் அவுட்புட் பகுதி எரியும். எதிர்த்திசை பாதுகாப்பானது: 4.4 கேபிள் உள்ள ஹெட்போனை அடாப்டர் வைத்து 3.5 அவுட்புட்டில் தாராளமாகப் போடலாம். அதனால்தான் புதுக் கேபிள் ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் 4.4-ஆக வாங்கி, பெண் 4.4 – ஆண் 3.5 அடாப்டர் ஒன்று சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

கேள்வி: 4.4 பிளக்கை நானே சால்டர் செய்யப் போகிறேன். எது எங்கே போக வேண்டும்?

பதில்: நுனியிலிருந்து வரிசையாக: நுனி இட பிளஸ், முதல் வளையம் இட மைனஸ், இரண்டாவது வல பிளஸ், மூன்றாவது வல மைனஸ். அடிப்பகுதி கிரவுண்ட், ஹெட்போனுக்கு அது வேண்டாம், சும்மா விடுங்கள். 4 பின் எக்ஸ்எல்ஆரில் 1 இட பிளஸ், 2 இட மைனஸ், 3 வல பிளஸ், 4 வல மைனஸ்.

பிளக்கின் மூடியையும் ஹீட் ஷ்ரிங்க் துண்டுகளையும் முதலிலேயே கேபிளில் கோத்துவிடுங்கள். ஒயர் நூலிழைகளில் எனாமல் பூச்சு இருந்தால் சால்டர் ஒட்டாமல் உருண்டு ஓடும். இரும்பை 380–400 டிகிரிக்கு ஏற்றி, நுனியில் ஒரு சொட்டு சால்டரை உருக்கி, ஒயர் நுனியை அதில் முக்கி வையுங்கள். பூச்சு புகைந்து கழன்று வெள்ளியாகப் பளபளக்கும். பிறகு 330–350-க்கு இறக்கிப் பிளக்கில் ஒட்டுங்கள், ஒரு முனைக்கு 2–3 நொடி. அதற்கு மேல் சுட்டால் வளையங்களுக்கு இடையே உள்ள பிளாஸ்டிக் இளகி வளையம் நகர்ந்துவிடும். வேண்டாத பெண் ஜாக் ஒன்றில் பிளக்கைச் செருகிக்கொண்டு ஒட்டினால் நகராது.

ஆம்பில் மாட்டும் முன் மல்டிமீட்டரில் எல்லாச் சேர்க்கையையும் பாருங்கள். ஹெட்போன் மாட்டாத நிலையில் எந்த இரண்டு வளையத்துக்கும் இடையே பீப் வரக்கூடாது.

தப்பு எங்கே என்பதைக் காதே சொல்லிவிடும். நடுவில் நிற்க வேண்டிய குரல் தலைக்குள் கரைந்து, பேஸும் மெலிந்ததுபோல் தோன்றினால் ஒரு பக்கத்தில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. பேலன்ஸ்டு ஆம்பில் இரண்டு காதிலும் ஒரே மோனோ சத்தம் கேட்டால் இரண்டு மைனஸும் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருக்கின்றன: இட டிரைவருக்கு இட பிளஸோடு வல மைனஸ் போகிறது, கூட்டிப் பார்த்தால் இடமும் வலமும் சேர்ந்த சிக்னல். இதைக் கேபிள் தரம் சரியில்லை என்று நினைத்துத் தூக்கிப் போடுபவர்கள் உண்டு. இரண்டு ஒயரை மாற்றி ஒட்டினால் சரியாகிவிடும்.

கேள்வி: அண்ணா, எனக்கு 4.4-இல் நிஜமாகவே தெளிவாகக் கேட்கிறது. அது பிரமையா?

பதில்: பிரமை என்று சொல்ல மாட்டேன், 6 டெசிபெல் கூடக் கேட்கிறீர்கள், சத்தம் கூடினாலே தெளிவு கூடியதுபோல் இருக்கும். சமன் செய்து பாருங்கள். 200 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஹெட்போன் மாட்டியபடியே ஏசி வோல்ட்டை அளக்க வேண்டும். 3.5-இல் இட பிளஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, 4.4-இல் இட பிளஸுக்கும் இட மைனஸுக்கும் நடுவே. அங்கேயும் கிரவுண்டைத் தொட்டால் பாதி வோல்ட்தான் காட்டும், கணக்கு கெட்டுவிடும். இரண்டு அளவும் 1 சதவீதத்துக்குள் வந்தால் வித்தியாசம் 0.1 டெசிபெல்தான். பிறகு எந்த ஜாக் என்று தெரியாதபடி வேறொருவரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: மெசே 109 ப்ரோவுக்கு பேலன்ஸ்டு வேண்டுமா?

பதில்: வேண்டாம். 40 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 112 டெசிபெல். டாங்கிளே தாராளம். அதிக கெயினில் (ஆம்ப் சிக்னலைப் பெருக்கும் அளவு) போட்டால் பாட்டு நின்ற இடைவெளியில் உஸ்ஸென்ற இரைச்சல்தான் கேட்கும். வேறு காரணத்துக்காகக் கேபிள் மாற்றினாலும் கப்பின் குழிக்குள் பிளக்கின் உடல் நுழைகிறதா என்று விட்டத்தை அளந்து வாங்குங்கள். தடித்த பிளக் பாதியில் நின்றுவிடும்.

கேள்வி: என் ஆம்பில் 4.4 ஓட்டை இருக்கிறது. உள்ளே நிஜமான பேலன்ஸ்டா என்று எப்படித் தெரியும்?

பதில்: 300 ஓமுக்கான பவர் எண்ணை இரண்டு ஜாக்கிலும் பாருங்கள். நான்கு மடங்கு அளவுக்குக் கூடியிருந்தால் நிஜம். இரண்டும் ஒன்றே என்றால் வசதிக்காக வைத்த ஜாக். 32 ஓம் எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம், அங்கே கரண்ட் வரம்பு குறுக்கிட்டு நிஜமான பேலன்ஸ்டு ஆம்பிலும் வித்தியாசம் குறைவாகத் தெரியும்.